ஓட்டில் எழுதிய பெயர்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும், வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலில் போவது தள்ளுவண்டிகளிடம்தான். வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, மாங்காய்க் கீற்று, மோர். வரிசையில் கடைசி வண்டி ஜெயராமனுடையது. கொஞ்ச நாளாக அதில் அவரைவிட அதிகம் நிற்பது அவர் மகள் பாரதி. இருபது வயதுப் பெண். கொய்யாவை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, காகிதத்தில் வைத்து நீட்டுவாள். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். "மேல ஏற எவ்ளோ நேரம் ஆகும்மா?" என்று யாராவது கேட்டால் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பாள். அவர்தான் பதில் சொல்வார். பேச வராத பெண் என்று நினைத்து, பாவம் என்று முணுமுணுத்தபடி போனவர்களும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் அவளோடு படித்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த வகுப்பில் வாய் ஓயாத பெண் என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அது பாரதிதான்.

பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி அது. சமூக அறிவியல் எடுத்தவர் கமர் ஜஹான் மிஸ். உள்ளூர்க்காரர். ஸ்கூட்டியில் வருவார். புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைப்பாரே தவிர, அதைப் பார்த்துப் படிக்க மாட்டார். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் கிரேக்கப் பாடம் வந்தது. நிறையப் பேருக்கு அது வாயில் நுழையாத பெயர்களின் மூட்டை. பாரதிக்கு மட்டும் அப்படி இல்லை. ஏதென்ஸ் நகரத்தின் நடுவே செங்குத்தாக ஒரு பாறை, பாறை மேல் மதில், கோயில், கீழே சந்தை, சந்தையில் நின்று ஊர் விவகாரம் பேசுகிற ஜனங்கள் என்று மிஸ் சொல்லிக்கொண்டே போக, அவள் ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தள்ளுவண்டியருகே நின்று அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னாள். "ஏதென்ஸும் நம்ம ஊரு மாதிரி கல்லு மலைதான் நைனா. அங்க ராஜாவே கெடையாது, தெரியுமா? ஊரு சனமே கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்களாம்."

ஜெயராமன் மோர்ப் பானையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "சரி, அங்க மலையடிவாரத்துல மோரு விக்கிறவன் இருந்தானா?"

"இருந்திருப்பான் நைனா."

"அப்ப அது நல்ல ஊருதான்."

மறுநாள் அதை வகுப்பில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பக்கத்தில் உட்காரும் வளர்மதி அவள் தொடையில் கிள்ளி, "உங்க நைனாவ ஏதென்ஸ் ராஜாவா போட்ரலாம்டி" என்றாள். "அங்கதான் ராஜாவே இல்லியேடி லூசு" என்று பாரதி திருப்பிக் கிள்ளினாள். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. தண்ணீர் பாட்டிலிலிருந்து தலைக்கு வைக்கிற கனகாம்பரம் வரை பங்கு.

பாடம் முடியப்போகிற வாரத்தில் மிஸ் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்து ஏதென்ஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடும். இந்த வருடம் யாரையாவது வெளியே அனுப்ப வேண்டுமா என்று முதலில் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால் இன்னொரு நாள் எல்லோரும் வருவார்கள். உடைந்த பானை ஓட்டை எடுத்து, அனுப்ப வேண்டிய ஆளின் பெயரை அதில் கீறிப் போடுவார்கள். போதுமான ஓடுகள் சேர்ந்திருந்தால், அதிகம் பெயர் விழுந்தவன் பத்து வருடம் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது.

"அவன் இன்னா மிஸ் தப்பு பண்ணான்?" என்றாள் பாரதி.

"தப்பு பண்ணியிருக்கணும்னு இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு அனுப்புறாங்க?"

"காரணம் சொல்ல வேண்டியதில்ல. விசாரணை இல்ல, வாதம் இல்ல. ரொம்ப பெரிய ஆளா ஆயிடுவான்னு பயமா இருக்கலாம். பிடிக்காம இருக்கலாம். பேரு விழுந்தா போகணும். அவ்ளோதான்."

பாரதிக்கு அது நம்பவே முடியாததாக இருந்தது. மிஸ் வெளியே போகும்போது பின்னாலேயே ஓடினாள். "மிஸ், நாமளும் அது மாதிரி செஞ்சு பாக்கலாமா? எங்க வூட்ல நாட்டு ஓடு பிரிச்சுட்டு ஷீட்டு போட்டாங்க. ஒடஞ்ச ஓடு நெறைய கெடக்குது. நான் எடுத்தாரேன்." மிஸ்ஸுக்கு அந்த உற்சாகம் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் செய்யலாம் என்றார். பெயர் விழுந்தவள் பத்து வருடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் வராந்தாவில் நிற்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

வெள்ளிக்கிழமை காலையில் பாரதி சாக்குப் பை நிறைய ஓட்டுத் துண்டுகளைச் சுமந்துகொண்டு போனாள். தூசி தட்டி, கழுவி, கூர்முனைகளைத் தரையில் தேய்த்து வைத்திருந்தாள். ஆளுக்கு ஒன்றாக அவளே கொடுத்தாள். ஆணியாலும் காம்பஸ் முனையாலும் எல்லோரும் கீறினார்கள். வகுப்பு முழுக்கக் கரகரவென்று சத்தம், குசுகுசுவென்று பேச்சு, அடக்க மாட்டாத சிரிப்பு. யார் பெயரை எழுதுவது என்று அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தது வளர்மதி. வளர்மதி என்றே கீறிவிட்டு, அவளுக்குத் தெரியும்படி காட்டிப் பழிப்புக் காட்டினாள். வளர்மதி தன் ஓட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் வாளியில் விழுந்த ஓடுகளை மிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். முதல் ஓடு, பாரதி. வகுப்பு சிரித்தது. பாரதியும் சிரித்தாள். அடுத்தது பாரதி. அதற்கடுத்தது பாரதி. மிஸ் புருவத்தை உயர்த்தினார். பாரதி. பாரதி. எழுத்துதான் மாறி மாறி வந்தது. சிலது சாய்வாக, சிலது 'பாரதீ' என்று நீட்டி, ஒன்று இங்கிலீஷில். நடுவில் ஒரே ஒருமுறை வளர்மதி என்று வந்தது. மிஸ் பாதியிலேயே வாளியை நகர்த்தி, "சரி, போதும், தெரிஞ்சிடுச்சு" என்றார். "படிங்க மிஸ், படிங்க மிஸ்" என்று எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அந்த ஆரவாரத்தில் அவரும் விட்டுக்கொடுத்துவிட்டார். கடைசி ஓடு வரை படித்தார்.

பாரதி வராந்தாவுக்குப் போய் நின்றாள். அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட சிரிப்பு அது. யாரையோ பார்க்கப் போயிருந்த கணக்கு வாத்தியார் அந்தப் பக்கமாக வந்தவர், "ஏன் வெளிய நிக்கிற?" என்று கேட்டார். உள்ளேயிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கத்தின: "அவளுக்குப் பத்து வருசம் சார்!"

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோதும் யாரோ அதையே சொன்னார்கள். "இன்னாடி, அதுக்குள்ள வந்துட்ட? பத்து வருசம் முடிஞ்சிருச்சா?" அவள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டமாக உட்கார்ந்தவர்கள் அவள் வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அதுவும் விளையாட்டுதான். அவள் பக்கம் திரும்பாமலே பேசிப் பழகினார்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டவளைத் தண்டித்தார்கள். ஒரு வாரத்தில் அவள் பெயரே போய்விட்டது. 'பத்து வருசம்' என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட ஆள் தெரிந்தது. வளர்மதி இரண்டு நாள் நெளிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கண் சரியாகத் தெரியவில்லை என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

கமர் ஜஹான் மிஸ் காதுக்கு விஷயம் எட்டியதும் வகுப்பை எழுந்து நிற்க வைத்துத் திட்டினார். எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். "சா…ரி பா…ர…தி" என்று வகுப்பு மொத்தமும் காலை வணக்கம் சொல்கிற ராகத்தில் சொன்னது. அதன் பிறகு அந்த ராகமும் ஒரு கேலியாகிவிட்டது.

பாரதி இரவும் பகலும் யோசித்தாள். தான் செய்த தப்பு எது என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். ரொம்பப் பேசினோமா, மிஸ்ஸுக்குப் பிடித்தவளாக இருந்தோமா, யாரையாவது கோள் சொன்னோமா? முன்பு ஒருமுறை பூப்பந்து விளையாடும்போது தான் எடுத்தெறிந்து பேசியதாக ஒருத்தி குறைப்பட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் அது ஒருத்தியோடு நடந்தது. எல்லோரும் எழுதுவதற்கு என்ன இருந்தது? போதாததற்குத் தானும் வளர்மதி பெயரை எழுதினோமே, அதற்கு மட்டும் என்ன காரணம் இருந்தது என்று நினைத்துப் பார்ப்பாள். ஒரு காரணமும் இல்லை. கைக்குப் பக்கத்தில் இருந்த பெயர் அது. அந்த இடத்தில் யோசனை நின்றுவிடும். யாரிடமும் போய்ப் புகார் சொல்ல வாய் வராது.

வயிற்று வலி என்று லீவு போட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் கிளம்புகிறவள் போலக் கிளம்பி, அப்பாவின் வண்டியருகே போய் வெள்ளரிப்பிஞ்சு சீவினாள்.

"இன்னிக்கும் லீவா?" என்பார் ஜெயராமன்.

"ஆமா நைனா."

"இன்னா, கவருமெண்டு இப்பல்லாம் லீவா வுடுது?" என்பதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. பிள்ளை பக்கத்தில் இருப்பது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அப்புறம் மார்ச் மாதம் வந்தது. நோய்க்குப் பயந்து ஊர் அடங்கியது, கோட்டையைப் பூட்டினார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வீட்டில் அடுப்பெரியவே சிரமமாக இருந்த காலம் அது. ஜெயராமன் வல்லம் பக்கம் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போனார், அம்மா மாரியம்மாளும் கூடப் போனாள். ஆனால் பாரதிக்கு மட்டும் மூச்சு விட முடிந்தது. யாருமே வகுப்பில் இல்லை. எல்லோரும் வெளியே நின்றார்கள். பரீட்சை இல்லாமலே ஒன்பதாவது பாஸ், மறு வருடம் பத்தாவதும் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்தது. மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழ் அவள் கைக்கும் வந்தது.

பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. வரலாறு இருக்கிற குரூப். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு அந்தப் பாடத்தின் மேல் கோபம் வரவில்லை. செல்போனில் ஏதென்ஸ் பாறையின் படங்களைப் பார்த்து வைத்திருந்தாள். அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். மாரியம்மாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்கு வெளியே வரிசை. எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஆனால் கண்களை வைத்தே அடையாளம் தெரிந்தது. முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள், இன்னொருத்தியை இடித்தாள். அந்த இன்னொருத்தி மாஸ்கை இறக்கி, விகற்பம் எதுவும் இல்லாமல், பழைய தோழியைப் பார்த்த சந்தோஷத்தோடே சொன்னாள்:

"ஏய், பத்து வருசம்! இன்னும் டைம் இருக்குதேடி!"

வரிசையில் சிரிப்பு ஓடியது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கதையைச் சொன்னார்கள். மாரியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் ஏதோ குஷியாகப் பேசுகின்றன என்று அவளும் சிரித்தாள்.

அம்மாவும் சிரித்தது பாரதிக்குத் தாங்கவில்லை. "இங்கியே இரும்மா, உள்ள கேட்டுட்டு வரேன்" என்று போய், வராந்தா முனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "நான் கேட்ட குரூப்புல எடம் இல்லியாம்மா. வா, போலாம்."

"வேற குரூப்பு கேக்கலாமே?"

"வேணாம்மா."

"நல்லாத்தான கேட்ட?"

"கேட்டேன்."

மாரியம்மாள் நம்பினாள். இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்துக் கமர் ஜஹான் மிஸ் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு தள்ளுவண்டிக்கே வந்தார். சேர்க்கைப் பட்டியலில் பெயர் இல்லாததைப் பார்த்துத் தேடி வந்திருந்தார். ஜெயராமன் கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றார்.

"இன்னும் சேரலாம் பாரதி. நான் ஹெச்.எம். கிட்ட பேசறேன். நீ வாம்மா."

பாரதி தலை நிமிராமல் கொய்யாவைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு எல்லாத்தையும் ஏன் மிஸ் படிச்சீங்க?"

மிஸ் மோர் டம்ளரை வண்டி மேல் வைத்தார். "நிறுத்தியிருக்கணும்மா. பாடம் நல்லா நடக்குதுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "அங்கயும் சில பேர பத்து வருஷத்துக்கு முன்னாடியே திரும்பக் கூப்ட்டிருக்காங்க. போர் வந்தப்போ, இவங்க இல்லாம முடியாதுன்னு" என்றார்.

"என்னை யாரு மிஸ் இல்லாம முடியாதுன்னு கூப்டப் போறாங்க?"

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு முறை வந்தார். பிறகு அவருக்கு மாறுதல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

பதினெட்டு வயதானதும் பாரதி ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனி பஸ் போகும். தோல் துண்டுகளை ஒட்டித் தைக்கிற வேலை அவளுக்கு. குனிந்த தலை நிமிராமல் செய்வாள். யாரோடும் பேச மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, யாரும் எழுந்து போவதற்கு முன் தானே எழுந்துவிடுவாள். அடுத்த மெஷினில் ரூபினா. செஞ்சிக்காரிதான், ஆனால் வேறு பள்ளியில் படித்தவள். அவளுக்கு இந்தப் பெண்ணின் மௌனம் ஒரு சவாலாகப் பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், விடாமல் பேசினாள், டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளினாள். ஒரு வருடத்தில் பாரதி ஓரிரு வார்த்தை பேசத் தொடங்கினாள். ரம்ஜானுக்கு ரூபினா வீட்டுக்குப் போய் வந்தாள். மாரியம்மாள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

பெண்களின் குறைகளைக் கேட்க ஒரு கமிட்டி வைக்கப்போவதாகவும், ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒரு பெண்ணை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் கம்பெனியில் சொன்னார்கள். சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பாரதி வெற்றுச் சீட்டை மடித்துப் போட்டாள். சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து, ஆபீசர் ஒருவர் சீட்டுகளைப் பிரித்து மைக்கில் படித்தார்.

"பாரதி."

கைதட்டல்.

"பாரதி. பாரதி. இதுவும் பாரதி."

கைதட்டலும் சிரிப்பும் பெருகின. யாரோ விசில் அடித்தார்கள். எல்லோர் முகமும் அவள் பக்கம் திரும்பியது. ரூபினா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள்தான் லைனில் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். வேலை சுத்தம், பொய் பேச மாட்டாள், யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அவளையே போடலாம் என்று. பாரதிக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். பிறந்தநாள் மாதிரி இருக்கட்டும் என்று.

பாரதி எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய், பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ரூபினா பின்னால் ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

"பாரதி, இன்னாடி ஆச்சு? தொறடி. நல்லதுக்குதான்டி எழுதுனோம். எல்லாரும் ஒன்னயத்தான்டி கேக்குறாங்க."

நல்லதுக்கு என்று அவளுக்கும் தெரிந்தது. உள்ளே நின்று அதைத் தனக்குத் தானே சொல்லிக்கூடப் பார்த்தாள். ஆனாலும் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் பஸ் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ரூபினா போன் மேல் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலுக்கே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? அத மட்டும் சொல்லு. திட்டணும்னா திட்டு. ஒண்ணுமே சொல்லாம இப்படி இருந்தா நான் இன்னான்னு நெனக்கிறது?"

பாரதிக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது? ஓடு, ஏதென்ஸ், வாளி என்று ஆரம்பித்தால் கேட்கிறவளுக்குச் சிரிப்பு வரும். உதட்டைத் திறந்தாள். ஒரு குடும்பம் வந்து மோர் கேட்டது. அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். ரூபினா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "சரி. இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் முதுகு திரும்பிப் போவதைப் பார்த்தபோதுதான், காரணம் சொல்லாமல் ஒருத்தியை அனுப்பி வைத்துவிட்டோம் என்று பாரதிக்கு உறைத்தது. ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. ரூபினா அப்புறம் வரவில்லை.

அந்த வருடம் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை வந்தது. கூட்டம் கூடியது, ஜெயராமனுக்கு ஓயாத வியாபாரம். மாரியம்மாள் மட்டும் மகளைப் பார்த்துப் பார்த்து வாடினாள். ஏதோ தோஷம் பிடித்திருக்கிறது என்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு அமாவாசைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள். ராத்திரிக் கூட்டம் தாங்காது என்று மத்தியானமே போய்விட்டார்கள். அப்போதே கால் வைக்க இடமில்லை. மாரியம்மாள் விளக்கு போடப் போக, பாரதி எலுமிச்சம்பழக் கடையோரம் நின்றாள்.

"ஏய் பாரதி! நீயாடி?"

வளர்மதி. இடுப்பில் ஒரு குழந்தை, கழுத்தில் தாலிக்கயிறு, உடம்பு போட்டிருந்தாள். பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வல்லத்தில் இருக்கிறாளாம். மாமியார் தொல்லை, புருஷனின் டிராக்டர், பிள்ளைக்குச் சளி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பாரதி அவள் ஓயட்டும் என்று காத்திருந்தாள். இத்தனை வருடமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருந்த கேள்வி அது.

"வளரு, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு ஓட்டுல ஏன் எல்லாரும் என் பேர எழுதுனீங்க?"

"எந்த ஓட்டு? பஞ்சாயத்து எலெக்சனா?"

"ஒம்பதாவதுல. கிரேக்கப் பாடம் எடுத்தப்போ. ஓட்டாஞ்சில்லுல பேரு எழுதுனோமே."

வளர்மதி குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "ஆமா… மிஸ் ஏதோ வெளயாட்டு வச்சாங்க. உன் பேரா வந்துது? வேற யாரோன்னு இல்ல நெனச்சேன்."

"என் பேருதான். நீ எழுதுனியா?"

"எழுதியிருப்பேன்டி. எல்லாரும் எழுதியிருந்தா நானும் எழுதியிருப்பேன்." பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஏன், அதுக்கு இன்னா இப்போ?"

"மொதல்ல யாரு சொன்னது, என் பேர எழுதச் சொல்லி?"

"அதெல்லாம் யாருக்குடி ஞாபகம் இருக்குது? பின்னால இருந்து யாராவது சொல்லியிருப்பாளுக." வளர்மதிக்கு இப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டது போலிருந்தது. "ஏய், அதுக்காகவா நீ ஸ்கூலுக்கு வரல? உங்க நைனாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு இல்ல சொன்னாங்க?"

ஒரு பெரிய பகை, ஒரு பெரிய காரணம், தனக்குத் தெரியாமல் தன்னிடம் இருந்த ஏதோ ஒரு அசிங்கம். எதை வேண்டுமானாலும் கேட்கத் தயாராகத்தான் பாரதி இத்தனை வருடம் இருந்தாள். ஒன்றுமே இல்லை என்பதைக் கேட்கத் தயாராக இல்லை.

"வுடுடி. சின்ன வயசு. வா, ஒரு செல்பி எடுத்துக்கலாம், நம்ம கிளாஸ் குரூப்புல போடறேன். எல்லாரும் இருக்காளுக, நீ ஒருத்திதான் இல்ல. நம்பர் சொல்லு, சேத்துடறேன்."

"என்கிட்ட போன் இல்ல" என்றாள் பாரதி. கைப்பைக்குள் போன் இருந்தது.

வளர்மதி அதைச் சந்தேகப்படவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து, "பெரிம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்று ஆட்டிக் காட்டிவிட்டு, கூட்டத்தில் புருஷனைத் தேடிக்கொண்டு போனாள்.

செஞ்சிக்குத் திரும்புகிற ஸ்பெஷல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிது. மாரியம்மாள் மகள் நெற்றியில் குங்குமத்தை இன்னொரு தடவை அழுத்தி வைத்தாள். பிறகு, ரொம்ப நாளாகச் சொல்லத் தயங்கியதை மெல்ல ஆரம்பித்தாள். அனந்தபுரத்தில் ஒரு வரன் இருக்கிறது. பையன் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். குணமானவன் என்கிறார்கள். மூத்த தாரம் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒனக்குப் புடிக்கலன்னா வேணாம்மா. வாயத் தொறந்து சொல்லு."

பாரதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டைக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. எங்கோ கிணற்றடியில் மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

"வரட்டும்மா" என்றாள்.

"புடிச்சிருக்குதா, சும்மா சொல்றியா?"

"வரட்டும்மா" என்றாள் மறுபடியும், அதே குரலில். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தான். மாரியம்மாள் காசு முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.